டூட்ஸ் என்றால் யார்?

லோவிக், மினசோட்டா
மார்ச் 12, 1989

அன்புள்ள மாரிட்,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டரை. குழந்தை பெத் இப்போதுதான் தூங்கினாள். அவள் விழிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நீயும் லோவெல் அண்ணனும் சுகமா? அண்ணனுக்கு மலேரியா முழுவதும் விட்டதா? கொஞ்சம் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவான், கண்காணித்துக்கொள். இங்கே நாங்கள் நால்வரும் நலம். குளிர்தான் போக மறுக்கிறது. உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக் குடிசைகள் சில இன்னும் நிற்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளி வாரியத் தேர்தலுக்கு நிற்கிறேன். காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். இதுவரை மனுக் கொடுத்தது நான் ஒருத்திதான். கர்டிஸிடம் சொன்னேன். "போன்ல பீட்சா சொல்றதுக்கே என்னைக் கூப்பிடுவே. நீ மேடை ஏறப் போறியா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, என் புருஷன் ஆயிற்றே, மனுவை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

எதற்கு நிற்கிறாய் என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு, "எல்லாப் பிள்ளைகளுக்காகவும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு உண்மையை எழுதுகிறேன். கோரிக்கு வயது ஆறு முடிந்துவிட்டது, இன்னும் திக்கல் போகவில்லை. முக்கியமாக 'க' வந்தால் நின்றேவிடுகிறான். தன் பெயரையே அவனால் சொல்ல முடியவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வரும் மிஸ் ப்ரூயிட்டிடம்தான் கொஞ்சம் வாய் திறக்கிறான். அவருடைய வேலையை எடுத்துவிடப் போவதாக வாரியத் தலைவர் வெர்ன் தீவனக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் நிற்பது அந்த ஒரு வேலைக்காக. ஊரை ஏமாற்றுகிறேனோ என்று இருக்கிறது.

உன் அம்மாவிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன். "நில்லுடி! வெர்னுக்கு முன்னாடி ஒருத்தியாவது வாயைத் திறக்கட்டும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் காரில் ஏற்றிக் கிழக்குச் சாலைப் பண்ணைகளுக்கெல்லாம் கூட்டிப்போனார். முப்பத்தொரு வருஷம் அந்த வழியில் பள்ளி பஸ் ஓட்டியவர். கார் நுழைந்ததும் நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

உங்கள் இருவரின் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜனெல்


மிஷன் பள்ளி, தான்சானியா
ஏப்ரல் 5, 1989

என் அருமை வேட்பாளருக்கு,

உன் கடிதம் உரமூட்டைகளோடு லாரியில் வந்து சேர்ந்தது. வாசனை இன்னும் போகவில்லை. நாங்கள் நலம். உன் அண்ணன் மாத்திரையை நிறுத்தித்தான் வைத்திருந்தான். உன் கடிதத்தை மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டி விழுங்க வைத்தேன். நாத்தனாருக்கு இவ்வளவு பவர் இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் உன்னையும் சீதனமாகக் கேட்டு வாங்கி வந்திருப்பேன்.

கோரிக்காக நிற்பதில் என்னடி ஏமாற்று? தன் பிள்ளைக்கு வலித்தால்தான் அடுத்தவன் பிள்ளை ஞாபகத்துக்கு வரும். எல்லோருக்கும் அப்படித்தான். ஜெயித்த பிறகு மற்றப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள், கணக்கு சரியாகிவிடும்.

அம்மாவைப் பார்த்துக்கொள். ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் ஐந்து மணிக்கு எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். அங்கே அவளுக்கு நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

அன்புடன்,
மாரிட்


லோவிக்
ஏப்ரல் 27, 1989

அன்புள்ள மாரிட்,

நலம்தானே? இங்கே பெத்துக்குப் பல் முளைக்கிறது. இரவெல்லாம் அழுகை. மற்றபடி நலம்.

நீ இதை உன் அம்மா மூலம் கேள்விப்படுவதற்கு முன் நான் சொல்ல வேண்டும். அவரும் தேர்தலில் நிற்கிறார்.

நடந்தது இதுதான். மனுக் கொடுக்கும் கெடு முடிந்த அடுத்த வாரம், கிழக்குச் சாலை பஸ்ஸை நிறுத்தப் போவதாக வெர்ன் அறிவித்தார். ஆறு குடும்பங்கள், பதினொரு பிள்ளைகள். இனி அவர்கள் சரளைப் பாதையில் நடந்து நெடுஞ்சாலை முக்குக்கு வந்து நிற்க வேண்டும். அன்று மத்தியானமே உன் அம்மா என் சமையலறைக்கு வந்துவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த ரூட்டைப் பத்தி நீ என்ன சொல்றே?"

"நல்லா படிச்சுப் பாக்கணும் டூட்ஸ். ரெண்டு பக்கமும் நியாயம்..."

"ரெண்டு பக்கமா? அந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம்தான்டி!"

நான் காபி ஊற்றினேன். அவர் குடித்தார். ரூபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு, "அப்ப நான் நிக்கறேன். உன் மேல கோபம் இல்ல. ரோட்டுக்காக நிக்கறேன். உன் பேரு சீட்டுல அச்சடிச்சிருக்கும், என் பேரைக் கையால எழுதிப் போடணும், அவ்வளவுதானே? எழுதுவாங்க" என்றார்.

அப்போது கோரி வந்து அவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். வழக்கம் போல நின்றுவிட்டது. அவனுக்காக வார்த்தையை முடித்துக் கொடுக்க நான் வாயெடுத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பிள்ளைங்க ஷூ மாட்டிட்டு வர்ற வரைக்கும் முப்பத்தொரு வருஷம் வண்டியை நிறுத்தி வெச்சவ நான். எனக்கென்ன அவசரம்?" என்றார். கோரி சொல்லி முடித்தான். அவன் சொல்ல வந்தது, 'கேக் எனக்கும்'. அவ்வளவுதான்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வாரியத்தின் வரவுசெலவுத் தாளை நான் பார்த்துவிட்டேன். கிழக்குச் சாலை பஸ், மிஸ் ப்ரூயிட், இரண்டில் ஒன்றுதான் நிற்கும். இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
ஜனெல்


தான்சானியா
மே 10, 1989

அன்பு ஜனெல்,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மாமியாரா, தங்கச்சியா? நல்லவேளை, நமக்கு அங்க ஓட்டு இல்ல" என்கிறான். நான் அப்படி இல்லை. யார் ஜெயித்தாலும் என் வீட்டு ஆள்தான்.

ஆனால் அம்மாவுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது, யோசித்தாயா? அவள் பெயர் ஊரில் யாருக்குத் தெரியும்? ஹாரன் சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் 'டூட்ஸ்' என்று கூப்பிடப் போய், பாதிரியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். குட்ருன் அஸ்லாக்சன் என்று சரியாக எழுதத் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். அம்மா, நான், நீ. என் கல்யாணப் பத்திரிகை உறைகளையெல்லாம் எழுதியவள் நீதானே? அப்போது அம்மா உன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இவ்வளவு நீளமாவா என் பேரு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

இது வந்து சேரும்போது தேர்தலே முடிந்திருக்கும். யார் தோற்றாலும் மற்றவள் போய் ஒரு வாய் காபி போட்டுக் கொடுங்கள்.

மாரிட்


லோவிக்
மே 21, 1989

அன்புள்ள மாரிட்,

உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் இன்னும் வரவில்லையே என்று இருந்தேன், நேற்று வந்துவிட்டது. எண்ணிக்கை முடிந்து இரண்டு நாள் கழித்து.

நான் ஜெயித்துவிட்டேன்.

எனக்கு விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. உன் அம்மாவின் பெயரை எழுதிப் போட்டவை நூற்று முப்பத்தொன்பது. குட்ரன், குட்ரூன், கூட்ரன் என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். அத்தனையும் ஒத்துக்கொள்ளப்பட்டன. அது தவிர வெறும் 'டூட்ஸ்' என்று எழுதிய சீட்டுகள் தொண்ணூற்றொன்று இருந்தன. அவை எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பள்ளி நூலகத்தில் வைத்துத்தான் எண்ணினார்கள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலி, எல்லோருக்கும் முழங்கால் மோவாயில் இடித்தது. டூட்ஸ் என்பது சட்டப்படி யாருடைய பெயர் என்று யாரோ ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு வாரியம் ஓட்டுக்கு விட்டு அவற்றைத் தள்ளிவிட்டது. நடைமுறை அப்படி.

ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே. "நேத்து நல்ல காத்து" என்கிறார்கள். "ஆமாம், நல்ல காத்து" என்கிறேன்.

பெத் அழுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஜனெல்


தான்சானியா
ஜூன் 14, 1989

அன்பு ஜனெல்,

முதலில் வாழ்த்து. மனசாரத்தான் சொல்கிறேன். மிஸ் ப்ரூயிட்டுக்கும் கோரிக்கும் நல்ல காலம்.

ஆனால் அந்த 'யாரோ ஒருவர்' யார்?

அம்மாவின் கடிதமும் அதே லாரியில் வந்தது. அவள் எழுதுகிற லட்சணம் உனக்குத் தெரியும். நான்கு வரி. 'தோத்துட்டேன். ஜனெல் நல்லா செய்வா. ரூபார்ப் நிறைய தழைச்சிருக்கு. லோவெலை மாத்திரை சாப்பிடச் சொல்லு.' இவ்வளவுதான். தொண்ணூற்றொரு சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தொண்ணூற்றொன்றும் சேர்ந்திருந்தால் இருநூற்று முப்பது ஆகிறது ஜனெல். நான் கூட்டிப் பார்த்தேன்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ ஓட்டு வாங்கினாய், அது உன்னுடையது. ஆனால் முப்பத்தொரு வருஷம் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கியவளைப் பார்த்து 'இது யார்' என்று கேட்க ஒருவருக்கு எப்படி நாக்கு வந்தது? இரவெல்லாம் இதுதான் ஓடுகிறது. பெயரைச் சொல். வேறு ஒன்றும் செய்யமாட்டேன், ஒரு கடிதம்தான் எழுதுவேன்.

மாரிட்


லோவிக்
ஜூலை 23, 1989

அன்புள்ள மாரிட்,

நலமா? பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வைக்கோல் கட்டும் வேலை, பெத்துக்கு அம்மை போட்ட காய்ச்சல், வாரியத்தின் முதல் கூட்டம், எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன.

ஒரு நல்ல செய்தி. போன செவ்வாய் இறைச்சிக் கடையில் பெயர் கேட்டபோது கோரி தானாகச் சொன்னான். நேரமானது, ஆனால் முழுதாகச் சொன்னான். கடைக்காரர் அவனுக்கு ஒரு துண்டு சாசேஜ் வெட்டிக் கொடுத்தார். மிஸ் ப்ரூயிட் வரும் வருஷமும் வாரம் மூன்று நாள் வருவார் என்று முடிவாகிவிட்டது.

கிழக்குச் சாலை பஸ் நின்றுவிட்டது. நாலுக்கு மூன்று. கை தூக்கித்தான் முடிவெடுத்தோம்.

நீ கேட்டதற்கு: கூட்டத்தில் பலர் பேசினார்கள். குழப்பமாக இருந்தது. இப்போது அதைக் கிளறி என்ன?

மழை நன்றாகப் பெய்தது. மக்காச்சோளம் இடுப்புக்கு மேல் நிற்கிறது.

ஜனெல்


தான்சானியா
ஆகஸ்ட் 25, 1989

என் அன்பு ஜனெல்,

கோரியின் செய்தியை அண்ணனுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். இரண்டாம் தரம் மூக்கை உறிஞ்சினான். தூசி என்றான்.

நீ ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. வெர்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவள் நீ. காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. நீ எப்போதும் அப்படித்தான். ஆனால் எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பஸ்ஸை நிறுத்த வேண்டும் என்றவன் அவன், அம்மா வந்தால் இடைஞ்சல் அவனுக்குத்தான். வேறு யார் கேட்டிருப்பார்கள்?

எனவே வெர்னுக்கு நேராகவே எழுதிவிட்டேன். இதோடு அதுவும் போகிறது. 'ஏழு வயதில் நீ பஸ்ஸில் கால்சட்டையை நனைத்தபோது தன் கோட்டைக் கழற்றிச் சுற்றி, யாருக்கும் தெரியாமல் உன்னை வீட்டில் இறக்கிவிட்டவள் யார் என்று சட்டப் புத்தகத்தில் தேடிப் பார்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். அம்மா இந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அம்மா தனியாக இருக்கிறாள். இந்த அவமானத்துக்குப் பிறகும் ஊரில் அவளுக்கென்று நிற்கிறவள் நீ ஒருத்திதான். அதற்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

மாரிட்


லோவிக்
அக்டோபர் 8, 1989

அன்புள்ள மாரிட்,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பள்ளி திறந்துவிட்டது. கிழக்குச் சாலைப் பிள்ளைகள் நெடுஞ்சாலை முக்கில் வந்து நிற்கிறார்கள். முதல் நாளிலிருந்தே உன் அம்மாவின் பழுப்புக் கார் அங்கே நிற்கிறது. ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பஸ் வரும்வரை பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவர். நான் கோரியைப் பள்ளிக்குக் கொண்டுவிடும்போது அந்த வழியாகத்தான் போக வேண்டும். கை அசைப்பார். நானும் அசைப்பேன்.

வெர்னுக்கு உன் கடிதம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனெல்


தான்சானியா
நவம்பர் 6, 1989

அன்பு ஜனெல்,

உன் கடிதங்கள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகின்றன. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கர்டிஸோடு ஏதாவது மனஸ்தாபமா? எதுவானாலும் எனக்கு எழுதலாம்.

வெர்னிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. குற்றமுள்ள மனசு எங்கே பதில் எழுதும்? இருக்கட்டும்.

அம்மாவுக்கு இருமல் என்று பாதிரியாரின் மனைவி எழுதியிருக்கிறாள். காலைப் பனியில் முக்கில் போய் உட்கார்ந்தால் இருமாமல் என்ன செய்யும்? நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். சொல்லிப் பார்.

மாரிட்


லோவிக்
டிசம்பர் 12, 1989

மாரிட்,

மறுபடியும் அகாலத்தில்தான் எழுதுகிறேன். கூட்டத்திலிருந்து வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் நலம். உன் அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

டூட்ஸ் என்பது யார் என்று கேட்டது வெர்ன் இல்லை. நான்.

வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சீட்டுகளை மூன்று கட்டாக வைத்திருந்தார்கள். வெர்ன் மூன்றாவது கட்டைக் கையில் எடுத்து, "இதெல்லாம் டூட்ஸ்னு போட்டிருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சேத்துக்கலாமா? வேட்பாளருக்கு ஆட்சேபம் உண்டா?" என்று என்னைப் பார்த்தார். "இல்லை" என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. கட்டின் கனத்தைப் பார்த்தேன். மிஸ் ப்ரூயிட் ஞாபகம் வந்தது. "டூட்ஸ்ங்கறது சட்டப்படி யாரு? அது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கல்லூரிக்குப் போய்ப் படித்து வந்தவளின் குரலில் கேட்டேன். வெர்ன்கூட ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு அவருக்கு அது வசதியாகப் போயிற்று. ஓட்டுக்கு விட்டார்.

பன்னிரண்டு வருஷம் உன் அம்மாவின் பஸ்ஸில் போனவள் நான். இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. அந்தப் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்த மூன்று பேரில் நான் ஒருத்தி என்று எழுதியிருந்தாய்.

கிழக்குச் சாலைக்கு எதிராகத் தூக்கிய நான்கு கைகளில் ஒன்று என்னுடையது. அதையும் மறைத்தேன். வெர்னுக்கு உன் கடிதம் கிடைத்ததா தெரியாது என்றது பொய். செப்டம்பர் கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்தி, மடித்த தாளைக் காட்டினார். முகம் சிவந்திருந்தது. "ஆப்பிரிக்காவுலேர்ந்து எனக்குத் திட்டு வந்திருக்கும்மா. கால்சட்டைக் கதை உண்மைதான். ஆனா மத்தது நான் சொல்லலையே" என்றார். நான் காகிதங்களை அடுக்கினேன். "நான் பதில் போடப் போறதில்ல. அது உன் வேலை" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். மூன்று மாதம் அவர் உன் திட்டைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் தாங்க விட்டேன்.

உன் நவம்பர்க் கடிதம் வந்தது. குற்றமுள்ள மனசு பதில் எழுதாது என்று எழுதியிருந்தாய். நேற்றுக் காலை முக்குக்குப் போனேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. கார்க் கதவைத் திறந்து நின்றேன்.

"ஏறு, இல்லாட்டி சாத்து. உள்ள இருக்கற சூட்டை ஏண்டி விடறே?"

ஏறினேன். பின்னால் ஏழு பிள்ளைகள், ஈரக் கம்பளி வாசனை, ஒரே சண்டை. பஸ் வந்து எல்லோரும் இறங்கிப் போனதும், "டூட்ஸ், அன்னைக்கு நூலகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நான் அங்கதான் இருந்தேன்."

உன் அம்மா கடைசி வரிசையில், அட்லஸ் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"எழுந்து நின்னு 'நான்தான் டூட்ஸ்'னு சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? கேட்டவளுக்குத் தெரியாதா?"

கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். மாரிட்டிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவ அவ்வளவு தூரத்துல இருக்கா. ஊர்ல அவளுக்குன்னு இருக்கற ஒரே சிநேகிதி நீ. எனக்குப் போனது ஒரு நாற்காலி. அவளுக்கு நீயும் ஏன் போகணும்?" பிறகு, "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. கோபம் இருக்கு. சனிக்கிழமைல ரொம்ப வரும், பிள்ளைங்க இல்லாம சும்மா உக்காந்திருப்பேன்ல" என்றார்.

"நான் என்ன செய்யணும்?"

"என்னைக் கேக்காதே. அந்த நாற்காலில உக்காந்திருக்கறது நீ. ரோடு அங்கயேதான் இருக்கு."

இன்று இரவுக் கூட்டத்தில் கிழக்குச் சாலை பஸ்ஸைத் திரும்ப விடும் தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். நாலுக்கு மூன்று. ஒரு கைதான் இடம் மாறியது, அது என்னுடையது. ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பஸ் போகும். மிஸ் ப்ரூயிட் இனி வாரம் ஒரு நாள்தான். கர்டிஸிடம் சொன்னேன். "பையன்கிட்ட நீயே சொல்லிடு" என்றான். நாளைக் காலை சொல்ல வேண்டும். அவன் ஏன் என்று கேட்பான், அதற்கு 'ஏ' மட்டும் வரும், நான் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்தேன். மே மாதக் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது நான் என்றும், கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும் என்றும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். "இதையெல்லாமா எழுதணும்?" என்று வெர்ன் நெளிந்தார். எழுதுங்கள் என்றேன். செயலாளர் அம்மாள் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "டூட்ஸ்... அதை எப்படி எழுதறது?" என்று உண்மையாகவே கேட்டார்.

"எப்படி எழுதினாலும் அவங்கதான்" என்றேன்.

இது ஊருக்குச் சொன்னது. உனக்குச் சொல்லத்தான் ஏழு மாதம் ஆயிற்று. உன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எனக்கு நன்றி சொன்ன கடிதம் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெர்னுக்கு எழுதியது போல எனக்கும் எழுது. இரண்டு பக்கம் போதாது என்றால் பத்துப் பக்கம் எழுது. இனி உன்னோடு பேச்சில்லை என்றாலும் அதையாவது எழுதிப் போடு. லாரிக்காகக் காத்திருக்காமல், யாராவது நகரத்துக்குப் போனால் அவர்களிடம் கொடுத்தனுப்பு.

அண்ணனுக்கும் இதைப் படித்துக் காட்டு.

சீக்கிரம் பதில் போடு.

ஜனெல்